மூன்றாவது கியர்

புது சீட்டு முதலில் வந்ததா, எஞ்சினுக்குப் புது ரப்பர் முதலில் வந்ததா என்பதை என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குஷன் அக்காவைக் கேட்டால் சீட்டுதான் முதலில் என்கிறாள். அவளுடைய தம்பியோ ரப்பரை மாற்றிய பிறகுதான் சீட்டு வந்தது என்று சத்தியம் செய்கிறான். கேட்டுக் கேட்டு எனக்கு இரண்டும் கலந்துவிட்டன. சில இடங்களில் அவர்கள் சொன்னது எது, நானாக நிரப்பிக்கொண்டது எது என்றுகூடப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன, அதற்குப் பிறகுதான் வண்டி டீசலைக் குடிக்கத் தொடங்கியது. இந்த மட்டுக்கும் யாருக்கும் சண்டை இல்லை.

அவளைத் தெருவில் எல்லோரும் குஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு, கார் சீட்டுகளுக்கும் சோபாக்களுக்கும் உறை தைத்துக் கொடுப்பவள். கணவர் பிக்கப் ஓட்டுகிறவர். ஊருக்கு வெளியே இருந்த மரச்சாமான் கிடங்கில் கட்டில், பீரோ, சோபா என்று ஏற்றிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊர்க் கடைகளில் இறக்கிவிட்டு வருவது அவருக்குப் பல வருஷத்து வேலை. ஏற்றிய சாமானில் ஒரு கீறல் விழாது. அதனால் கிடங்கில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். “நிதானம் கிளம்பியாச்சா?” என்று யாராவது கேட்பார்கள். “கிளம்பிக்கிட்டே இருக்கு” என்று இன்னொருவன் சொல்வான்.

வண்டியும் அவரைப் போலத்தான். கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் சாத்திக்கொள்ளும். வேகம் காட்டும் முள் என்றைக்கோ செத்துப்போய்விட்டது. கீழே கிலோமீட்டர் எண்கள் மட்டும் விசுவாசமாக உருண்டுகொண்டிருந்தன. அந்த எண்களை வைத்துப் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பழக்கம் இருந்தது. டாங்கை முட்ட நிரப்பிய நாளெல்லாம் அவர் வீட்டுக்கு வந்ததும் கிலோமீட்டரையும் லிட்டரையும் சொல்வார். அவள் மெஷினை நிறுத்தாமலே மனக்கணக்குப் போட்டு, “பதினாலு” என்பாள். சில நாள் “பதினாலு சொச்சம்.” அவர் தலையாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு அது.

கடைசியில் அவர்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சும் அது ஒன்றுதான்.

எப்படி அப்படி ஆயிற்று என்று அவளுக்கே பிடிபடவில்லை. மகள் படிப்புக்காக வெளியூர் போன பிறகுதான் என்று நினைத்தாள். அவள் சமையலறையிலிருந்து ஏதாவது சொல்வாள். முன்னறையில் அவர் பதில் சொல்லமாட்டார். மெஷினில் உட்கார்ந்தபடி, முதுகுக்குப் பின்னால் இருக்கும் அவரிடம் ஒன்று கேட்பாள். திரும்பிப் பார்த்தால் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் போன் செய்தால் “அம்மாகிட்ட பேசு” என்று உடனே அவள் கையில் கொடுத்துவிடுவார். எப்போதாவது வாய் திறந்தால் குரல் உரக்க வந்து விழும், எரிந்து விழுகிற மாதிரி. அவளும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டாள். முதலில் கேள்விகளை. பிறகு தெருக்கதைகளை. பிறகு, சாப்பிட வாங்க என்பதற்குக்கூடத் தட்டை வைக்கும் சத்தமே போதும் என்று ஆனது. அதற்கும் அவர் எழுந்து வருவதில்லை. போய் எதிரில் நின்றால்தான் வருவார்.

மகள் இருந்தவரை வீட்டுக்காக இருந்தார், இப்போது அவருக்கு இங்கே என்ன இருக்கிறது என்று ஒரு எண்ணம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. தைக்கிற துணியைப் பார்த்தபடி அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு இடுப்புவலி வந்தது. காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய சீட்டில் பஞ்சு செத்து, கம்பி முட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினைத் தாங்குகிற ரப்பர்கள் தேய்ந்து, வண்டி ஸ்டார்ட் ஆனாலே கதவு, கண்ணாடி, டிரைவர் எல்லாம் சேர்ந்து ஆடும். அவள் எதிரில் போய் நின்று சீட்டைக் கழற்றி வரச் சொன்னாள். அடியில் கெட்டி ஃபோம், நடுவில் மிருதுவானது, மேலே இன்னும் மிருதுவானது என்று மூன்று அடுக்கு வைத்து, கனமான துணியில் இரட்டைத் தையல் போட்டு, வாடிக்கையாளர் யாருக்கும் செய்யாத வேலையாகச் செய்தாள். பேசத்தான் முடியவில்லை, இதையாவது செய்யலாம் என்றிருந்தது. தம்பி தன் பங்குக்கு எஞ்சின் ரப்பர்களைப் புதிதாக மாற்றினான். வண்டி அடங்கியது. அவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்து, கையால் துணியைத் தடவினார். “நல்லா இருக்கு” என்றார், உரக்க.

அதற்குப் பிறகு டாங்க் நிரப்பிய அன்று அவர் எண்களைச் சொன்னபோது அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

“பதினொண்ணுதான் வருது.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று அவள் மறுபடி போட்டாள். பதினொன்றுதான்.

தம்பியின் வொர்க்ஷாப் இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கொட்டகை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவன் கையைத் துடைத்தபடி வந்தான்.

“என்ன மாமா, வண்டிக்குக் குடுக்காம டீசல நீங்களே குடிக்கிறீங்களாமே?”

அவர் சிரித்தார். யார் என்ன சொன்னாலும் இப்போதெல்லாம் இப்படி ஒரு சிரிப்பு வைத்திருந்தார்.

“கேலி அப்புறம். முதல்ல வண்டியப் பாருடா” என்றாள் அக்கா.

“பாக்குறேன், பாக்குறேன். லோடு ஏதாவது கூடிச்சா மாமா? பங்க்கு மாத்துனீங்களா?”

அவர் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். அக்கா சொன்னாள்: “லோடு எப்பவும் போலதான். பங்க்கும் அதே பங்க்குதான்.”

“அவரக் கேட்டா நீ சொல்ற. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மாமாவுக்கு ஸ்பீக்கர் நீதான்.”

இதுவாவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. சிரிக்கவில்லை.

சுலபமானதை முதலில் பார்ப்பது தம்பியின் வழக்கம். டயர்களில் காற்று சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்தான். மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் வண்டி இழுக்கத் திணறும். அதற்காகச் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டான். தயங்காமல் சுற்றின. டீசல் குழாய் நெடுக வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தான், கசிவில்லை. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, மேல் கியரில் வைத்துக் கிளட்ச்சை விட்டான். எஞ்சின் உடனே அடித்து நின்றது. கிளட்ச்சும் வழுக்கவில்லை. எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றி வேறொரு கடைக்கு அனுப்பிச் சோதித்து வாங்கினான். அவையும் ஒழுங்காகத்தான் தூவின.

“எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. உடம்புல ஒண்ணுமே இல்லங்குது” என்றான். ஆனால் அவன் முகம் வேடிக்கையாக இல்லை. “நான் கை வெச்சதுக்கு அப்புறம்தான்க்கா குறைஞ்சிருக்கு. ரப்பர் மாத்தும்போது எதையாவது நசுக்கிட்டேனோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்.”

“நீ என்னடா பண்ணுவ.”

“ஒரு வாரம் வண்டிய என்கிட்ட விடு. நானே லோடு அடிச்சுப் பாக்குறேன். மாமா ரெஸ்ட் எடுக்கட்டும்.”

அந்த வாரம் அவர் வீட்டிலேயே இருந்தார். பின்வாசலில் உட்கார்ந்து உடைந்த நாற்காலி ஒன்றைச் சரிசெய்தார். அவள் முன்னறையில் தைத்தாள். நடுவில் ஒரு கூடமும் ஒரு கதவும்தான். கதவு திறந்துதான் இருந்தது. மத்தியானத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, அவர் ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடி ரொம்பப் பலமாக விழுந்தது. அந்த நாற்காலிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. யார்மேல் இந்தக் கோபம் என்று நினைத்தாள்.

வாரக் கடைசியில் தம்பி வந்தான். அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தம்பி உடனே உட்காரவில்லை.

“வண்டி நல்லா இருக்குக்கா. அதே ரோடு, அதே லோடு. பதினாலு குடுக்குது.”

“அப்புறம் என்ன?”

“நான் ஓட்டினா குடுக்குது.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவன் ஃபோம் கட்டின் மேல் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்தான்.

“எங்கயாவது சுத்திட்டுப் போனா கிலோமீட்டரும் சேந்துதான் கூடும், மைலேஜ் குறையாது. ஒண்ணு, டாங்க்லேர்ந்து டீசல் இறங்கணும். இல்லன்னா...”

“டீசல் விக்கிற ஆளாடா அவரு?”

“சேச்சே.”

“இல்லன்னா?”

“வண்டி எங்கயோ நிக்கணும். எஞ்சின் ஓடிக்கிட்டே.” கொஞ்சம் பொறுத்து, “தப்பா எதுவும் நெனைக்காதக்கா” என்றான்.

அவன் நினைத்த தப்பை அவள் நினைக்கவில்லை. அவளுக்குத் தோன்றியது வேறு. ஏதோ ஒரு சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்கக்கூட மனமில்லாமல், அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வரப் பிடிக்காமல். அவள் மூன்று அடுக்கு வைத்துத் தைத்த சீட்டில் சாய்ந்துகொண்டு. அந்தக் காட்சி அவ்வளவு தெளிவாக வந்தது. தம்பி போன பிறகும் வெகுநேரம் அவள் மெஷினைத் தொடவில்லை.

மறுநாள் காலை அவர் சாவியை எடுத்தபோது அவள் எதிரில் போய் நின்றாள்.

“இன்னிக்கு நானும் வரேன்.”

“எங்க?”

“லோடுக்கு.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு வெளியே போனார். அவள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தபோது, அவளுக்கான இருக்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். இவ்வளவு துடைக்கிற மனுஷன் வீட்டுக்கு வரப் பிடிக்காதவனா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

கிடங்கில் ஒரு பீரோவும் இரண்டு கட்டிலும் ஏற்றினார்கள். ஊருக்குள் திரும்பி, கடைத்தெரு வழியாக வண்டி ஊர்ந்தது. ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. ஊர் முடிந்து சாலை விரிந்ததும் மூன்றாவது கியருக்கு மாற்றினார். வண்டி வேகம் பிடித்தது. எஞ்சினின் குரல் ஏறியது.

அவள் அடுத்த கியருக்காகக் காத்திருந்தாள். வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் காலமெல்லாம் மோட்டார் சத்தத்தோடு இருப்பவள் அவள். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவாள். இந்த எஞ்சின் இப்போது துணியில்லாமல் ஓடும் மெஷின் மாதிரி அலறிக்கொண்டிருந்தது. அவர் மாற்றவில்லை. ஒரு பாலம் வந்து போனது. ஒரு செங்கல் சூளை வந்து போனது. எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. அவர் முகமோ கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர் முகம் மாதிரி அமைதியாக இருந்தது.

“கியர் மாத்தலயா?” என்றாள்.

பதில் இல்லை. இது பழகிய பதில்தான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே வயலும் மின்கம்பங்களும் பின்னோக்கிப் போயின. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனிமேல் என்ன என்று ஒரு துணிவு வந்தது.

“என்னை உங்களுக்குப் பிடிக்காமப் போயிடுச்சா?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். சாதாரணக் குரலில்தான் கேட்டாள்.

அவர் எதுவும் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள். சொல்லத் தெரியாமல் யோசிக்கிறார் போல என்று முதலில் நினைத்தாள். பிறகு, இதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டாள்.  அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட இந்த எஞ்சின் சத்தத்தில் இடமில்லை என்று தோன்றியது.

அப்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. காது கிழிகிற ஹாரன். அவள் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தாள். அவர் அசையவில்லை. லாரிக்காரன் விடாமல் அடித்தான். அவர் சாலையின் நடுவிலேயே, அதே அமைதியோடு போய்க்கொண்டிருந்தார். பிறகு தற்செயலாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். திடுக்கிட்டு ஓரத்துக்கு ஒடித்தார். லாரி ஏதோ திட்டிக்கொண்டு கடந்துபோயிற்று. அந்தத் திட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அவள் அவரையே பார்த்தாள். கியர்த் தடியின் குமிழ்மேல் அவர் உள்ளங்கை விரிந்து கிடந்தது. பிடித்திருக்கவில்லை, நாடி பார்ப்பதுபோல வைத்திருந்தார். எதையோ தேடினார். கிடைக்கவில்லை. கையை எடுத்துத் தொடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து அவள் சொன்னவை எல்லாம் அப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கோபப்பட்டதாக நினைத்த அந்த உரத்த குரல். போனை நீட்டும் கை. ஆணிமேல் விழுந்த அடி.

அவர் தொடையில் தட்டினாள். அவர் திரும்பினார். நான்கு விரலைக் காட்டினாள்.

அவர் கால் கிளட்ச்சை மிதித்தது. கை தானாக நான்காவதுக்குப் போனது. எஞ்சின், அழுது முடித்த குழந்தை மாதிரி, ஒரு மூச்சு விட்டு அடங்கியது. அவருக்கு அது கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி, எஞ்சின் நின்றுவிட்டதா என்று டாஷ்போர்டில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

 மரத்திலிருந்து எதுவோ கூரைமேல் விழுந்து உருண்டது.

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?” என்றார்.

அவள் அவர் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: “இப்பத்தான்.”

“முதல்ல உன் மெஷின்தான் போச்சு” என்றார். “வீட்டுக்குள்ள வந்தா சத்தமே இருக்காது. நீ பேசுறத நிறுத்திட்டன்னு நெனச்சேன். என்மேல எதுக்கோ வருத்தம்னு. அப்புறம் பாத்தா உன் கால் பெடல மிதிச்சுக்கிட்டு இருக்கு, துணி ஓடுது. சரி, கோளாறு நம்மகிட்டதான்னு புரிஞ்சுது.”

“டாக்டர்கிட்ட போயிருக்கலாமே.”

“போனேன். நரம்பு தளர்ந்துடுச்சுன்னாரு. மிஷின் வெச்சா ஓரளவு கேக்கும்னாரு.” கையை விரித்தார். “காதுல மிஷின் வெச்ச டிரைவர நம்பி யாரு கண்ணாடி பீரோ ஏத்துவா?”

“இத்தன நாள் எப்படித்தான் ஓட்டுனீங்க?”

“காதால ஓட்டல. முதுகால ஓட்டினேன்.” சிரித்தார். இது அந்தப் பொதுச் சிரிப்பு இல்லை. “எஞ்சின் ஏறினா சீட்டு நடுங்கும். நடுக்கம் இடுப்புக்கு வந்தா ரெண்டாவது, தோளுக்கு வந்தா நாலாவது. கியர்த் தடியும் கைல பேசும். அப்புறம் மாப்ள ரப்பர மாத்திட்டான். நீ சீட்டத் தெச்சுட்ட. உக்காந்தா மேகத்துல உக்காந்த மாதிரி இருக்கு. ஒரு சேதியும் வரல. மூணாவதுலயே ஓடிக்கிட்டு இருக்கு, டீசலும் போகுது.”

“சொல்லித் தொலைக்கிறதுதானே. அடுக்கப் பிரிச்சு எடுத்திருப்பேன்ல.”

“அத்தன நாள் கழிச்சு எனக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்க. அதப் போயி எப்படிச் சொல்றது?”

 சாலையில் ஒரு சைக்கிள் போனது. அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தாள். பிறகு மறுபடி திரும்பினாள்.

“வண்டி போகட்டும். காதப் பத்தி என்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் ஸ்டியரிங்கின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“சொன்னா நீ கத்திப் பேசுவ. தெருவுக்கே கேக்குற மாதிரி. எல்லாத்தையும் கத்தித்தான் சொல்லணும். அப்புறம் காதோட சொல்றதுன்னு எதுவும் இருக்காது நமக்குள்ள.”

“எந்தக் காது பரவாயில்ல?”

அவர் அவள் பக்கமிருந்த தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அவள் சாய்ந்து, அந்தக் காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. தம்பி கேட்டதற்கு, உன் வேலையப் பாருடா என்றுவிட்டாள். அவருக்கு அது கேட்டதா, கேட்காமலே புரிந்ததா என்பதும் தெரியாது. தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மிச்சத் தூரம் முழுக்க அவள் விரல் காட்ட, அவர் கியர் போட்டார். ஏற்றத்தில் மூன்று விரல், சமதளத்தில் நான்கு, நேர் சாலையில் கை முழுவதும். ஒரு வளைவில் அவள் பூச்சியை விரட்டக் கையை வீசப்போக, அவர் ஐந்தாவதைப் போட்டு, வண்டி உதறிக்கொண்டது. “கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா” என்று உரக்கச் சொன்னார். அந்த உரத்த குரல் அன்று அவளுக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் வொர்க்ஷாப்பில் அவள் தம்பியிடம் சொல்லச் சொல்ல, அவன் ஒரு பழைய டயர்மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

“அப்ப நான் ரப்பர மாத்தாம இருந்திருந்தா...”

“நானும் சீட்டத் தெச்சிருக்க வேண்டாம்.”

“நல்லது பண்றோம்னு ரெண்டு பேரும் சேந்து மாமாவ ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டோம்.”

அவன் கொஞ்ச நேரம் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராக நின்றான்.

“ஏன் மாமா, இத்தன நாளா நான் திட்டினது ஒண்ணுமே உங்க காதுல விழலயா?”

“உன் வாயப் பாத்தாலே தெரியும் மாப்ள. அதுக்குக் காது வேற எதுக்கு?”

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை நீட்டி வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“காதுல மிஷின் வெச்சுட்டு வாங்க. அப்புறம்தான் இது. பின்னாடி லாரி வரது தெரியாம ஒரு ஆள நான் ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன். கிடங்குல யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும்.”

அவர் மனைவியைப் பார்த்தார், அவள் பரிந்து பேசுவாள் என்று. அவளோ தம்பி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“அந்த வேலை போயிடும்” என்றார் அவர். இந்த முறை குரல் தாழ்ந்துதான் வந்தது.

“போனாப் போகட்டும்” என்றாள், அவர் பார்க்கும்படி, ஒவ்வொரு சொல்லாக. “நீங்க வீட்டுக்கு வந்தாப் போதும்.”

வேலை போகவில்லை. காதில் கருவியோடு அவர் கிடங்குக்குப் போன முதல் நாள், ஏற்றுக்கூலிக்காரர்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி, “இவ்வளவு நாள் கேக்காமலே ஒரு கீறல் இல்லாம கொண்டுபோனவரு, கேட்டா என்ன குறைஞ்சுடும்” என்று சொல்லிவிட்டு பீரோவைத் தூக்கச் சொன்னார். தம்பி, உடைக்க வந்த ஒரு காரிலிருந்து எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளைக் கழற்றிப் பிக்கப்பில் மாட்டினான். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டான். சீட்டைப் பிரிக்க அவர் விடவில்லை. இடுப்புவலி திரும்பவில்லை.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் ஓட்டினார். பார்வையும் மங்கத் தொடங்கியபோது, யாரும் சொல்லாமலே சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். இப்போது முன்னறையில் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து ஃபோம் அறுத்துக் கொடுக்கிறார். பிக்கப்பைக் கோழித்தீவனம் விற்கிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அது இன்னும் ஓடுகிறது. தம்பி வொர்க்ஷாப்பைப் பெரிய சாலைக்கு மாற்றிவிட்டான், கொஞ்சம் பருத்தும்விட்டான். மகள் படிப்பை முடித்து அந்த ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். போனில் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள், அம்மாவின் முறை வருவதற்கு வெகுநேரம் ஆகிறது. குஷன் அக்கா மறுபடி நிறையப் பேசுகிறாள். தெருக்கதை ஒன்றையும் விடுவதில்லை. மத்தியானங்களில் அவர் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தலையாட்டுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே பேசிக்கொண்டிருக்கிறாள்.